நின்றபடி

மதுஷிகா வேலையை விட்டுவிட்டாள்.
ஹட்டன் டவுனில், கண்ணாடிக் கதவு போட்ட
சூப்பர் மார்க்கெட்டில், எட்டு மாதம்.
ஏனென்று கேட்டேன்.
"நாற்காலிய எடுத்துட்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான்.
சம்பளம் ஒழுங்காக வந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்.
கெட்ட வார்த்தை பேசவில்லை எவனும்.
கல்லாவுக்குப் பின்னால் கிடந்த
பச்சை பிளாஸ்டிக் நாற்காலியை,
"உக்காந்திருந்தா கஸ்டமருக்கு மரியாத இல்ல" என்று
ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்களாம்.
சிவப்பு டீ-சேர்ட்டைத் துவைத்து, மடித்து,
கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு
மூன்றே கால் பஸ்ஸில் வந்துவிட்டாள் என் மகள்.

முதலில் சிரித்தேன். பிறகு கத்தினேன்.
இருபத்தேழு வருஷம் ரோலருக்குப் பக்கத்தில்
இரவு பத்து தொடங்கி விடியும்வரை நான் நிற்கிறேன்.
உன் அம்மா நிற்கிறாள், செங்குத்து மலையில்,
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே;
எடை குறைந்தால் அரைப் பேர்.
நாங்கள் நாற்காலி கேட்டோமா?

அவள் என் காலைப் பார்த்தாள்.
சாரம் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது.
கெண்டைக்காலில் நரம்பு
கொடி மாதிரி சுருண்டு கிடந்தது.
"கேக்கலதானே" என்றாள்.
வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் பேச்சில்லை.
தண்ணிப் பீலியில் அவளுக்குப் பேரும் வைத்தாயிற்று:
நாற்காலி கேட்ட புள்ள.
வெட்கமாக இருக்கிறது என்றாள் புஸ்பராணி.
எனக்கும்தான்.

வெள்ளி இரவு மழை. கொழுந்து குறைவு.
இரண்டாம் ரோலரை நிறுத்தியிருந்தார்கள்.
சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் கிரேட் கவிழ்ந்து கிடந்தது.
சும்மாதான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் முழங்கால் வலித்தது.
இத்தனை வருஷமும் அது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.
நான் அதைத் தெம்பு என்று நினைத்திருக்கிறேன்.

கதவு திறந்தது. டீமேக்கர்.
நான் நினைக்கவேயில்லை, சத்தியமாக.
கால்கள் எழுந்துவிட்டன.
குதிகாலால் கிரேட்டைப் பின்னுக்குத் தள்ளியும்விட்டன.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்தார்,
கொட்டாவி விட்டார், போனார்.
சின்னப் பையன். மதுஷிகாவைவிட
நாலைந்து வயது கூட இருக்கும்.

அவர் போன பிறகும் நான் உட்காரவில்லை.
முடியவில்லை என்பதுதான் சரி.

விடிந்து வந்து, வாசலில் சாயத்தண்ணி குடிக்கையில்
(நின்றபடிதான்)
போன் அடித்தது. சூப்பர் மார்க்கெட் மெனேஜர்.
மரியாதையாகத்தான் பேசினார்.
சிவனொளிபாதமலை சீசன் வருது, ஆள் போதாது,
மகளை வரச் சொல்லுங்க, பழசை மறந்துடுவோம்.

இந்த ஒரு போனுக்காக
வாரம் முழுக்க ஃபேக்டரியில்
ரோதமுனிக்குச் சூடம் கொளுத்தியவன் நான்.

"நாற்காலி இருக்குங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை.
"என்ன நாற்காலி?"
நடிக்கவில்லை.
மனுஷனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

யோசிச்சுச் சொல்றோம் என்று சொல்லி,
பழக்கத்தில் ஒரு நன்றியும் சொல்லி வைத்தேன்.

உள்ளே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
மதுஷிகா ஒன்றும் சொல்லவில்லை.
கல்லில் ரொட்டி ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது,
அதைத் திருப்பவும் இல்லை.
புஸ்பராணி படங்கை இடுப்பில் இறுக்கி
கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.
படி இறங்கி, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"நல்லதாப் போச்சு. அப்பனும் மகளும் உக்காருங்க.
வியாழக்கிழம லோன்காரன் வருவான்.
அவனுக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க."